சி பிளாக்கில் சத்தம் இல்லை

குயில் நகர் அரசுக் குடியிருப்பு, சி பிளாக், மூன்றாம் மாடி, பதினோராம் எண் வீட்டில் வசிக்கும் பிரவின்குமாருக்குக் காது நன்றாகக் கேட்கும். முப்பத்தொரு வயதுக்குள் அவன் செய்த குற்றம் அது ஒன்றுதான்.

கணபதிப் பகுதியில் ஒரு மோட்டார் பம்பு பட்டறையில் அவனுக்கு வேலை. ஓடுகிற மோட்டார்மேல் ஸ்க்ரூ டிரைவரின் முனையை ஊன்றி, பிடியைக் காதோரம் வைத்துக்கொண்டு கண்ணை மூடுவான். "பின்பக்கத்து பேரிங்குங்க. ஒரு குண்டு தேஞ்சிருக்குது" என்பான். பிரித்துப் பார்த்தால் ஒரு குண்டு தேய்ந்திருக்கும். பட்டறைக்காரர் இதற்கென்றே ஒரு மெஷின் வாங்கினார். வாங்கிவிட்டு, மெஷின் சொல்வது சரிதானா என்று பிரவினிடம் கேட்டுக்கொள்வார்.

அதே காதுதான் சாயங்காலம் வீட்டுக்கும் வரும். கழற்றிப் பட்டறையில் வைத்துவிட்டு வர வழியில்லை.

மேல் வீட்டில் உதய் என்கிற இளைஞன். அவனிடம் தண்ணீர் டிரம் உயரத்துக்கு இரண்டு ஸ்பீக்கர்கள் இருந்தன. கீழ் வீட்டில் ரங்கம்மாள், குயில் நகர் கும்மிக் குழுவின் ஆசிரியை. இப்போதெல்லாம் நம் பக்கத்தில் ஒருவர் கும்மி ஆடவில்லை என்றால் அவர் வெளியூர்க்காரர் என்று அர்த்தம். ஒரே நிறப் புடவை, ஒரே நிற ரவிக்கை, நடுவில் மைக், நாலு மூலையிலும் ஸ்பீக்கர் பெட்டி, கடைசியில் ஏதாவது ஓர் உலக சாதனைச் சான்றிதழ். அந்தச் சான்றிதழுக்காக சி பிளாக் வாசலில் தினமும் ஆறு மணி முதல் ஒன்பது மணி வரை பயிற்சி நடந்தது. முதல் மாடியில் கிருபாசங்கர் இருந்தார். அவர் எந்நேரமும் டிரில்லிங் மெஷினால் சுவரில் ஓட்டை போட்டு எதையாவது மாட்டிக்கொண்டிருப்பார்.

பிரவினுக்கு ஆட்டிசம். நமக்கெல்லாம் ஒரு சத்தம் வந்தால் காது அதை வாங்கி ஓரமாக உட்கார வைத்துவிடும். அவன் காதில் ஓரம் என்பதே கிடையாது. வருகிற சத்தமெல்லாம் முன்வரிசையில்தான் உட்காரும். கும்மியும் ஸ்பீக்கரும் டிரில்லும் ஒன்றாகச் சேரும் நேரத்தில், அவன் குளியலறைக்குள் போய் நெற்றியைச் சுவரில் அழுத்திக்கொண்டு நிற்பான். மறுநாள் பேச்சு வராது. தூக்கமில்லாமல் போனதில், ஒரே மாதத்தில் இரண்டு கெட்ட மோட்டார்களை நல்லவை என்று அனுப்பிவிட்டான். "இன்னொண்ணு போச்சுன்னா நான் அந்த மெஷினையே நம்பிக்க வேண்டியதுதான் தம்பி" என்று பட்டறைக்காரர் வருத்தத்தோடு சொல்லிவிட்டார். பிரவினுக்குத் தெரிந்தது அந்த ஒரு வேலைதான். அவன் அம்மா மாசாணியம்மாளுக்கு அன்றைக்கு முதல் சோறு இறங்கவில்லை.

அக்கம்பக்கத்தார் பொல்லாதவர்களாக இருந்திருந்தால் போலீசுக்குப் போயிருக்கலாம். இவர்களோ தங்கமான மனிதர்கள்.

"அக்கா, சத்தம் ஜாஸ்திங்க" என்று பிரவின் போய்ச் சொல்வான்.

"அய்யோ, அப்படீங்களா கண்ணு! இதோ கொறச்சுப்போடறனுங்க" என்று ரங்கம்மாள் பதறிப்போவார். பத்து நிமிடம் குறைத்தும் வைப்பார். பிறகு, குறைத்ததால் பின்வரிசைக்குக் கேட்கவில்லை என்று இன்னொரு பெட்டி கொண்டுவந்து வைப்பார்.

ஆகவே தாயும் மகனும் வேறு வீடு கேட்டு, குடியிருப்பு மாறுதல் பிரிவுக்கு மனு எடுத்துக்கொண்டு போனார்கள்.

அங்கே கண்காணிப்பாளர் கோவிந்தராஜுலு. அவர் நாற்காலியில் ஒரு வெள்ளைத் துண்டு விரித்திருக்கும். துண்டு இருந்தால் ஐயா வந்துவிட்டார் என்று பொருள். ஐயா டீக்குப் போயிருக்கலாம், பவானிக்கு உறவினர் கல்யாணத்துக்கே போயிருக்கலாம். துண்டு இருக்கும்வரை அவர் பணியில் இருக்கிறார். அன்றைக்கு அதிர்ஷ்டவசமாகத் துண்டின்மேல் அவரே இருந்தார்.

மனுவோடு இருந்த காதுப் பரிசோதனைச் சான்றை அவர் உரக்கப் படித்தார். "'கேட்கும் திறன் மிக மிக நன்று.' ஏனுங்க தம்பி, காது நல்லாக் கேக்குதுன்னு நீங்களே சர்டிபிகேட் கொண்டாந்துபோட்டு, கேக்குதுன்னு நீங்களே புகாரும் குடுக்கறீங்களே?"

"ஜாஸ்தியாக் கேக்குதுங்க" என்றான் பிரவின்.

"காது கேக்காதவங்களுக்குச் சலுகை இருக்குதுங்க. அரையாக் கேக்கறவங்களுக்கு அரைச் சலுகை இருக்குதுங்க. ஜாஸ்தியாக் கேக்குதுன்னா, அந்தக் கணக்குப்படி நீங்கதானுங்க அரசாங்கத்துக்குச் சலுகை குடுக்கோணும்."

மாசாணியம்மாள் முந்தானையில் முடிந்து வைத்திருந்த இன்னொரு சான்றை எடுத்து நீட்டினாள். "பையனுக்கு ஆட்டிசமுங்க. பெரிய ஆஸ்பத்திரியில எழுதிக் குடுத்ததுங்க. ஃபாரத்துல 'இதர'ன்னு ஒரு கட்டம் இருக்குதுங்களே, அதுல போட்டுக்கலாமுங்களா?"

"இதரவுல போட்டா ஃபைலு இதர செக்‌ஷனுக்குப் போயிருமுங்கம்மா. அந்த செக்‌ஷனுக்கு இன்னும் ஆளே போடலீங்க."

பிரவின் இதையெல்லாம் கவனிக்கவில்லை. மேலே பார்த்துக்கொண்டிருந்தான். "உங்க ஃபேனு பேரிங் போயிருச்சுங்க. இருபது நாள் தாங்குமுங்க."

"அதை எலக்ட்ரிக்கல்காரங்க பாத்துக்குவாங்க தம்பி. விசயத்துக்கு வாங்க. சத்தம் இருக்குதுன்னு நீங்க சொன்னா அது புகார். நானு வந்து கேட்டாத்தான் அது சத்தம். வார வெசாழக்கெழமை ஆய்வுக்கு வாரனுங்க."

ஆய்வுக்கு முன்பாக சி பிளாக்கின் எல்லா வீட்டுக்கும் ஓர் அறிவிப்பு வந்தது. 'மேற்படி தேதியில் அண்டை வீட்டார் அனைவரும் வழக்கம்போல் சத்தம் எழுப்பி, ஆய்வுக்கு முழு ஒத்துழைப்பு நல்குமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்.' அறிவிப்பை எல்லோரும் மரியாதையாக வாங்கிப் படித்தார்கள். படித்துவிட்டு ரங்கம்மாள் கேட்டார்: "ஆபீசர் ஊட்டுக்கு வந்திருக்கறப்ப சத்தம் போட்டா நல்லா இருக்குமுங்களா? மரியாதைன்னு ஒண்ணு வேண்டாமுங்களா?"

வியாழக்கிழமை ஆறு மணிக்குக் கோவிந்தராஜுலு வந்தார். பையிலிருந்து துண்டை எடுத்து மாசாணியம்மாள் வீட்டுப் பிளாஸ்டிக் நாற்காலியில் விரித்து, அதன்மேல் அமர்ந்து, சத்தத்துக்காகக் காத்திருந்தார். கும்மி நின்றது. ஸ்பீக்கர் நின்றது. டிரில்லிங் மெஷின் உறைக்குள் போனது. பாதி வெந்த பருப்போடு குக்கர்கள் இறக்கி வைக்கப்பட்டன. கச்சாயப் பலகாரமும் காப்பியும் கொண்டுவந்தவர்கள் செருப்பைக் கீழ்வாசலிலேயே விட்டுவிட்டு நுனிக்காலில் ஏறி வந்தார்கள். சி பிளாக் கட்டி முடித்த நாளிலிருந்து அப்படியோர் அமைதி அங்கே இருந்ததில்லை.

ஏழு மணிக்குப் பிரவின் சுவரோரம் உட்கார்ந்தான். ஏழேகாலுக்குத் தூங்கிப்போனான். மாசாணியம்மாளுக்குக் கண் கலங்கிவிட்டது. "இவன் இப்படித் தூங்கிப் பாத்து எத்தன மாசம் ஆச்சுங்க!"

"தூங்கறாருன்னு நீங்களே சொல்றீங்க. எழுதிக்கறனுங்க" என்று கோவிந்தராஜுலு எழுதினார். 'மனுதாரர் ஆய்வு நேரம் முழுமையும் ஆழ்ந்த நித்திரையில் இருந்தமை நேரில் கண்டறியப்பட்டது. மேற்படி குடியிருப்பில் சத்தம்: இன்மை.' எழுதிவிட்டு, ஏழெட்டுக் கச்சாயத்தைச் சாப்பிட்டுவிட்டு, பஸ்ஸைப் பிடிக்கிற அவசரத்தில் துண்டை நாற்காலியிலேயே விட்டுப் போய்விட்டார்.

மறுநாள் ஆறு மணிக்கு, பயிற்சியைத் தொடங்கலாமா என்று தெரிந்துகொள்ள ரங்கம்மாள் மேலே வந்து எட்டிப்பார்த்தார். வெள்ளைத் துண்டு கண்ணில் பட்டது. குரல் தானாக இறங்கியது. "ஐயா இருக்காருங்களா?"

பிரவினுக்குப் பொய் சொல்ல வராது. "துண்டு இருக்குதுங்க" என்றான்.

ரங்கம்மாள் அப்படியே பின்வாங்கி, படியில் சத்தமில்லாமல் இறங்கிப் போனார். அன்றும் கும்மி இல்லை. மறுநாளும் இல்லை. உதயும் கிருபாசங்கரும் தனித்தனியே வந்து எட்டிப்பார்த்துத் திரும்பினார்கள். சாதனை நாள் நெருங்கியதால் குழுவினர் கடைசியில் பாட்டில்லாமல், கையைத் தட்டுவதுபோலக் கொண்டுபோய், தட்டாமல் எடுத்து, கும்மி ஆடினார்கள். மாசாணியம்மாள் அந்தத் துண்டைத் துவைக்கக்கூட எடுக்கவில்லை. பதினெட்டு நாள் பிரவின் தூங்கினான். பட்டறையில், மெஷின் நல்லதென்று சொன்ன மூன்று மோட்டார்களைக் கெட்டதென்று பிடித்துக் கொடுத்தான். வீட்டில் சிரித்தான். அவன் சிரிப்பைக் கேட்டு அடுப்படியில் இருந்த அம்மா கரண்டியைக் கீழே போட்டுவிட்டு ஓடிவந்தாள்.

அதற்குள் மனுக்கள் வர ஆரம்பித்துவிட்டன. வந்தவர்கள் வாசலில் நின்று நாற்காலியைப் பார்த்துக் கும்பிட்டார்கள்.

"ஐயா இல்லீங்க. துண்டு மட்டுந்தானுங்க" என்று பிரவின் ஒவ்வொருவரிடமும் உண்மையைச் சொன்னான்.

"அதனாலென்ன கண்ணு. ஆபீசுக்குப் போனாலும் நாங்க துண்டுகிட்டத்தானுங்க குடுத்துப்போட்டு வாரோம்" என்று நாற்காலியில் மனுவை வைத்துவிட்டுப் போனார்கள். அலுவலகத்தைவிட இது மேல் என்று பலரும் அபிப்பிராயப்பட்டார்கள். இந்தத் துண்டு நாளைக்கு வரச் சொல்வதில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பிரவின் அந்த மனுக்களைப் படித்தான். நாற்பத்தொரு வீட்டு மனு. நாற்பத்தொன்றும் சத்தத்தைப் பற்றித்தான். மேல் வீட்டு ஸ்பீக்கரைத் தாங்க முடியாமல்தான் வாசலுக்கு இறங்கிக் கும்மியே தொடங்கினேன் என்று ரங்கம்மாள் எழுதியிருந்தார். கும்மியை மறைக்கத்தான் ஸ்பீக்கரே வாங்கினேன் என்று உதய் எழுதியிருந்தான். இந்த இரண்டும் கேட்காமல் இருக்கத்தான் டிரில் போடுகிறேன், சுவரில் இனி இடமில்லை, ஆகவே வேறு வீடு தருக என்று கிருபாசங்கர் எழுதியிருந்தார். எல்லா மனுவின் முடிவிலும் ஒரே வேண்டுகோள் இருந்தது. 'தயவுசெய்து என் பெயரை வெளியில் சொல்ல வேண்டாம். அவர்கள் ரொம்ப நல்லவர்கள். மனசு சங்கடப்படுவார்கள்.'

மறுநாள் மனுக்களையும் துண்டையும் எடுத்துக்கொண்டு அவன் அலுவலகத்துக்குக் கிளம்பினான்.

"துண்டு இன்னொரு வாரம் இருக்கட்டுமே சாமி" என்று மாசாணியம்மாள் கெஞ்சினாள்.

"அது அரசாங்கத்தோடதும்மா."

துண்டைக் கண்டதும் கோவிந்தராஜுலு அதை வாங்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். அதை எங்கே விட்டோம் என்றே நினைவில்லாமல் அவர் பாடு படாத பாடாகியிருந்தது. பதினெட்டு நாளும் அவர் தவறாமல் நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தார். ஆனால் நாற்காலியில் துண்டு இல்லாததால் அவர் வரவில்லை என்று மேலிடத்திலிருந்து விளக்கம் கேட்டு ஓலை வந்துவிட்டது. மேசைமேல் நின்றுபோன ஃபேன் கிடந்தது.

"உங்க மனுவுக்கு ஆர்டர் போட்டாச்சுங்க தம்பி. மாநகர எல்லைக்குள்ள சத்தம் இன்மைன்னு சான்று வாங்குன ஒரே ஊட்டை உங்களுக்கு ஒதுக்கியிருக்குதுங்க. சி பிளாக், மூணாம் மாடி, பதினோராம் நெம்பர்."

"அது என்ற ஊடுங்க."

"பாத்தீங்களா, சாமான் தூக்கற செலவுகூட இல்லீங்க."

பிரவின் அந்தத் தாளில் இருந்த வீட்டு எண்ணை விரல் வைத்து இன்னொரு முறை படித்தான். கோவிந்தராஜுலு கல்நெஞ்சர் அல்ல. துண்டு திரும்பிய சந்தோஷமும் இருந்தது. "நெசத்தைச் சொல்லிப்போடறனுங்க தம்பி. சத்தத்தால பாதிக்கப்பட்டவங்களை மாத்த விதியே இல்லீங்க. சத்தம் போடறவங்களை மாத்தத்தான் விதி இருக்குது. பதினாலாவது விதி. உடனே தூக்கி, தனி ஊட்டுல போட்றலாம். ஆனா அங்க ஆருமே சத்தம் போடலைன்னு நானே எழுதிப்போட்டனுங்களே." மனுக்களில் முத்திரை குத்தி, நகல்களை அவனிடமே கொடுத்தனுப்பினார்.

துண்டு போன செய்தியும் ஒதுக்கீடு வந்த செய்தியும் அவனுக்கு முன்பே குயில் நகரை எட்டிவிட்டன. அன்று சாயங்காலம் அவன் வாசலை நெருங்கும்போதே சரவெடி வெடித்தது. கும்மிக் குழு முழுவதும் நீலப் புடவையில் நின்றது. ஆட்டிசத்துக்கு நீலம்தான் கட்ட வேண்டும் என்று கைப்பேசியில் பார்த்திருந்தார்கள். உதய் தன் ஸ்பீக்கர்களைக் கீழே இறக்கியிருந்தான். பொன்னாடை போர்த்தினார்கள். பிரவினின் கை இரண்டும் காதுக்குப் போனது. வணங்குகிறான் என்று நினைத்துக் கைதட்டினார்கள்.

"நம்ம பிரவினு நாலு வார்த்தை பேசோணும்" என்று ரங்கம்மாள் மைக்கைக் கையில் திணித்தார்.

பேசுவதற்கு அவனிடம் வேறு ஒன்றும் இல்லை. மனுக்களைப் பிரித்துப் படித்தான். பெயரைச் சொல்ல வேண்டாம் என்று எழுதியிருந்ததால் பெயரைச் சொல்லவில்லை. மாடியையும் வீட்டு எண்ணையும் மட்டும் சொன்னான். நாற்பத்தொன்றையும் படித்து முடித்துவிட்டு, "எனக்கும் இதேதானுங்க. எனக்கு வலிக்குதுங்க" என்றான்.

வாசல் முழுவதும் அடங்கிப்போனது. அத்தனை பேரும் தரையைப் பார்த்தார்கள். உதய் ரங்கம்மாளைப் பார்க்கவில்லை, ரங்கம்மாள் உதயைப் பார்க்கவில்லை. மாசாணியம்மாள் படியில் நின்று, இப்போதாவது யாராவது ஒருவர் ஒரு வார்த்தை சொல்ல மாட்டார்களா என்று ஏங்கினாள். ரங்கம்மாள் மெதுவாக வாயைத் திறந்தார்.

"மைக்கு கொஞ்சம் சத்தம் ஜாஸ்தியோ?"

"அதானுங்க! காதே அடைச்சுப்போச்சுங்க!" என்றான் உதய். "எனக்கும் அப்படித்தானுங்க இருந்துச்சு" என்றார் கிருபாசங்கர். சி பிளாக் வரலாற்றில் அத்தனை வீடும் ஒத்துக்கொண்ட விஷயம் அது ஒன்றுதான்.

மறுநாள் காலை நாற்பத்தொரு கையெழுத்தோடு ஒரு கூட்டு மனு அலுவலகத்துக்குப் போனது. சத்தம் இன்மை என்று அரசே சான்றளித்த இடத்தில், பிரவின்குமார் என்பவர் ஒலிபெருக்கியில் சத்தம் போட்டு அமைதியைக் கெடுத்துவிட்டார் என்று அதில் கண்டிருந்தது. பதினாலாவது விதி பாய்ந்தது. மூன்றே நாளில் உத்தரவு வந்தது. 'மேற்படி சத்தக்காரர் பொது அமைதியை முன்னிட்டு, காரமடைக்கு அப்பால் தென்னந்தோப்பின் நடுவில் உள்ள தனி வீட்டுக்கு உடனடியாக மாற்றப்படுகிறார்.'

மாசாணியம்மாள் அழுதாள். "என்ற பையனைச் சத்தக்காரன்னு எழுதிப்போட்டாங்களே!"

பிரவின் உத்தரவை இரண்டு முறை படித்தான். "தனி ஊடுன்னா பக்கத்துல ஆரும் இல்லையாம்மா?"

"ஆருமே இல்லை சாமி."

"அப்ப சரிம்மா."

வழியனுப்பும்போது சி பிளாக் முழுவதும் கண்ணீர் விட்டது. கட்டிலையும் பீரோவையும் உதயே தூக்கினான். ரங்கம்மாள் ஒரு தூக்குப்போசி நிறையக் கச்சாயம் கொடுத்தார். நல்லவர்கள், அதில் சந்தேகமே இல்லை.

தோப்பில் ஒரு மாதம் ஓடியது. மட்டை விழுந்தால் ஒரு சத்தம், அணில் ஓடினால் ஒரு சத்தம். ஒன்று முடிந்த பிறகுதான் அடுத்தது வரும். பட்டறைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் பஸ். காதுமூடியை மாட்டிக்கொண்டு போய் வந்தான். பட்டறைக்காரர் மெஷினை விற்றுவிட்டார். கோவிந்தராஜுலுவின் நினைவாக, மாசாணியம்மாள் ஒரு வெள்ளைத் துண்டு வாங்கி வாசல் நாற்காலியில் விரித்து வைத்தாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பிரவின் சட்டென்று எழுந்து உட்கார்ந்தான். "லாரி வருதும்மா. இடப்பக்கத்து பின்சக்கரத்துல பேரிங் போயிருக்குது. உள்ள உதயோட ஸ்பீக்கர் இருக்குது."

கால் மணி நேரம் கழித்து லாரி தோப்புக்குள் நுழைந்தது. நாற்பத்தொரு வீட்டாரும் இறங்கினார்கள். துண்டைப் பார்த்ததும் செருப்பைக் கழற்றினார்கள்.

"நல்லா இருக்கறீங்களா கண்ணு? எங்களுக்கு ஒரு ஒத்தாசை பண்ணோணும்" என்றார் ரங்கம்மாள். "சத்தம் போட்டாத்தான் தனி ஊடு தருவாங்களாமுங்க. நாங்களும் ஒரு மாசமா ராப்பகலாச் சத்தம் போட்டுப் பாக்கறோம். ஆருமே எங்க மேல புகார் குடுக்க மாட்டேங்கறாங்க. கேட்டா, 'உங்களைப் போயி நாங்க குத்தஞ் சொல்லுவமுங்களா'ங்கறாங்க."

"நானும் அதான் சொன்னனுங்க" என்றான் உதய். "அவங்களைப் போயி எப்படீங்க குத்தஞ் சொல்றது?"

"பொய் சொல்லாதவன் நீ ஒருத்தன்தான் கண்ணு" என்றார் ரங்கம்மாள். "நாங்க போடற சத்தத்தை உள்ளது உள்ளபடி ஒரு தாளுல எழுதிக் குடுத்துப்போடு. ஆபீசர்கிட்டப் பேசியாச்சு. இந்தத் தோப்புலயே வரிசையா நாப்பத்தொரு ஊடு தர்றேன்னு சொல்லியிருக்காரு. மறுக்கா எல்லாரும் ஒண்ணாவே இருந்துக்கலாம்!"

மாசாணியம்மாள் மகனைப் பார்த்தாள். பிரவின் தோப்பைப் பார்த்தான். பிறகு போய் வெள்ளைத் துண்டு விரித்த நாற்காலியில் உட்கார்ந்து, தாளும் பேனாவும் வாங்கி, நிதானமாக எழுதிக் கொடுத்தான்.

'சி பிளாக்கில் சத்தம் இன்மை நேரில் கண்டறியப்பட்டது.'

முப்பத்தொரு வயதில் அவன் எழுதிய முதல் பொய் அது. துண்டின்மேல் உட்கார்ந்து எழுதியதால், நாற்பத்தொரு வீட்டாரும் அதைக் கும்பிட்டு வாங்கிக்கொண்டு போனார்கள்.